கமிட்டியில் அம்மாக்களுக்கு இடம் வேண்டும்

(வியாசர்பாடியில் ஒரு மாலை நேரப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் அண்ணன் அவர்களே, பந்தலும் மைக்செட்டும் போட்டுக் கொடுத்த இளைஞர் மன்றத் தம்பிகளே, பின்னால் சுவர் ஓரமாக நிற்கும் தாய்மார்களே! முன்வரிசையில் நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். நான் காத்திருக்கிறேன்.

தலைமையாசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் படிப்பகத்துக்குள் தண்ணீர் புகுந்து நோட்டுப் புத்தகமெல்லாம் நனைந்துபோனபோது, பள்ளியின் இரண்டு வகுப்பறைகளை மாலை நேரத்தில் நமக்குத் திறந்துவிட்டவர் அவர். மாமன்ற உறுப்பினர் அம்மையார் தெருவிளக்கு சரிசெய்து கொடுத்ததால்தான் எட்டு மணிக்குப் பெண்பிள்ளைகள் பயமில்லாமல் வீடு திரும்புகிறார்கள். அவருக்கும் நம் எல்லோர் சார்பிலும் வணக்கம்.

இன்று மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். படிப்பகத்தை யார் நிர்வாகம் செய்வது, பணக் கணக்கை எப்படி ஊருக்குக் காட்டுவது, அடுத்த தலைமுறையிடம் பொறுப்பை எப்படி ஒப்படைப்பது.

என் பாட்டி அடிக்கடி சொல்வார்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. தர்மக் காரியம் செய்கிற எல்லோருக்கும் இந்தப் பழமொழியைத்தான் நான் சொல்வது வழக்கம். நல்ல மனசு மட்டும் போதாது, அளவும் கணக்கும் வேண்டும்.

இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் பிராட்வே. அந்தக் காலத்துச் சென்னைச் செல்வந்தர் பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். கோயில்களுக்கும் தான தர்மங்களுக்கும் என்று பெரும் பணத்தை உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்புறம் என்ன ஆயிற்று? பொறுப்பில் இருந்தவர்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அரசாங்கத்தின் தலைமை வக்கீலாக, அதாவது அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் அக்கறை எடுத்துக்கொண்டார். அறங்காவலர்கள் பொறுப்பேற்று, அந்தப் பணத்திலிருந்து பிராட்வேயில் பள்ளிக்கூடம் திறந்தது 1842இல். கொடுத்தவர் போய் 48 வருடம் கழித்து! பணம் இருந்தது. கொடுத்தவர் கை எழுத்து இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் ஒரு தலைமுறைக்கு மேல் போய்விட்டது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது இதற்குத்தான்.

இப்போது நிர்வாகத்துக்கு வருகிறேன். இங்கே பக்கத்தில், பெயர் வேண்டாம், ஒரு படிப்பகம் இருக்கிறது. அதன் கமிட்டியில் இருந்தவர்கள் எல்லோருமே நல்லவர்கள். ஒருவர் பேங்க்கில் ஓய்வு பெற்றவர், ஒருவர் வக்கீல், இன்னொருவர் ரயில்வேயில் பெரிய பொறுப்பில் இருந்தவர். சொந்தக் காசு போட்டு பெஞ்சு வாங்கினார்கள், ஃபேன் மாட்டினார்கள், பி.எட். படித்த டீச்சரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். மாலை ஐந்தரைக்கு வகுப்பு. அறுபது பிள்ளைகள் உட்காரலாம். வந்தது பத்துப் பேர்.

கமிட்டி கூடியது. பிள்ளைகளுக்குப் பசி இருக்கும், சுண்டல் போடலாம் என்றார் ஒருவர். சுண்டல் போட்டார்கள். பத்துப் பேர் பதின்மூன்று ஆனார்கள். மறுபடி கூடினார்கள். டீச்சர் கண்டிப்பு அதிகம் என்றார் வக்கீல். டீச்சரை மாற்றினார்கள். பாவம், அந்தப் பெண் அழுதுகொண்டே போனார். மறுபடியும் கூட்டம். இந்தத் தலைமுறைக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை, செல்போன் கெடுத்துவிட்டது என்றார்கள். ஆர்வம் ஊட்டுவதற்காக ஒரு பேச்சாளரை வரவழைத்தார்கள். அவர் விண்வெளி ராக்கெட் பற்றியெல்லாம் அருமையாகப் பேசினார். கேட்டவர்கள் அதே பதின்மூன்று பிள்ளைகள்.

அடுத்த கூட்டத்தில் டீ கொண்டுவந்து வைத்த ஆயாம்மா, அந்த அறையைத் தினமும் பெருக்குகிறவர், வாசல்படியில் நின்றபடியே கேட்டிருக்கிறார்: "ஆறு மணிக்குத் தண்ணி லாரி வர்ற தெருவுல அஞ்சரைக்கு கிளாஸ் வச்சா எந்தப் புள்ள சார் வரும்? கொடத்த யாரு புடிப்பா?"

அறையில் சத்தமே இல்லையாம். அம்மா வேலையிலிருந்து திரும்ப ஏழு ஆகும். மெட்ரோ வாட்டர் லாரி யாருக்காகவும் நிற்காது. அதனால் வரிசையில் குடம் வைத்து, நகர்த்தி, நிரப்பி, மாடிப்படி ஏறித் தூக்கிப்போவது ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. கமிட்டியில் ஒருவருக்கும் தெரியவில்லை. வகுப்பை ஏழு மணிக்கு மாற்றினார்கள். ஒரே மாதத்தில் பெஞ்சு போதவில்லை.

கைதட்டுகிறீர்கள், சரி. அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். ஆண்டு விழாவில் அந்த ஆயாம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். அடுத்த கமிட்டித் தேர்தலில் அவர் பெயரை யாரும் முன்மொழியவில்லை. அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளும் அதே படிப்பகத்தில்தான் படித்தார்கள்.

எனக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை.

சட்டம் தடுக்கிறதா என்றால், இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 என்ன சொல்கிறது? ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். அவர்கள் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கு வைக்க வேண்டும். பட்டம் படித்திருக்க வேண்டும், கோட்டு போட்டிருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

அரசுப் பள்ளியைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதி பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தலைமையாசிரியர் ஐயா தலையாட்டுகிறார், அவர் பள்ளியில் அப்படித்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2024இல் குழுவை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அரசாங்கத்தால் முடிவது, நம் தெருவுக்கு என்று நாமே நடத்துகிற படிப்பகத்தால் முடியாதா?

"படிக்காதவர்கள் கணக்கு எப்படிப் பார்ப்பார்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. மாதச் சீட்டு கட்டி, மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கித் தவணை தவறாமல் அடைத்து, காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்று வீட்டை நடத்துகிறவர்களுக்கா கணக்குத் தெரியாது? தணிக்கை அறிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, புரியவில்லை என்று அவர்கள்மேல் பழி போடக் கூடாது. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, பேங்க்கில் மிச்சம் இவ்வளவு என்று தமிழில் ஒரே பக்கம் எழுதி வாசலில் ஒட்டுங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து என்று விதி வைத்துவிட்டு, ஒருவர் புத்தகம் முழுக்க முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிற பழக்கத்தை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதை இன்றோடு விடுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். அளக்கிற படி ஒரே கையில் இருக்கக் கூடாது.

சங்கம் சேர்வது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி.வாடியா தலைவரானார், தமிழறிஞர் திரு.வி.க. துணை நின்றார். அவர்களைக் கும்பிடுகிறோம். அன்றைக்கு வேலை போய்விடும் என்ற பயத்தில் இருந்த தொழிலாளிக்குப் பெரிய மனிதர்களின் துணை தேவைப்பட்டது. நூறு வருடம் தாண்டிவிட்டது. இதே படிப்பகத்தில் படித்த பிள்ளைகள் இன்று நர்ஸாகவும் டிப்ளமோ இன்ஜினியராகவும் இருக்கிறார்கள். அவர்களையும் அவர்களைப் படிக்கவைத்த அம்மாக்களையும் உறுப்பினர் ஆக்குவதுதான் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது.

விழாத் தலைவர் ஐயாவிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த பொதுக்குழுவில் துணைவிதியை, அதாவது சங்கத்தை நடத்தும் விதிகளை, திருத்தச் சிறப்புத் தீர்மானம் கொண்டுவாருங்கள். நிர்வாகக் குழுவில் பாதி இடம் இங்கே படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு, ஓட்டுரிமையோடு. மரியாதைக்கு அழைக்கப்பட்ட சிறப்பு அழைப்பாளராக அல்ல. தீர்மானம் நிறைவேறியதும் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்துவிடுங்கள், இல்லையென்றால் காகிதத்தோடு நின்றுவிடும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்காதீர்கள். மீன் விற்கும் அம்மாக்களுக்கு அன்றுதான் பெரிய வியாபாரம். வாரநாளில், இரவு எட்டு மணிக்கு மேல் வையுங்கள்.

தாய்மார்களே, உறுப்பினர் படிவம் வாசலில் மேசைமேல் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு இளைஞர் மன்றத் தம்பிகள் நிரப்பித் தருவார்கள். சந்தா கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இருந்தால்தான் பொதுக்குழுவில் கை தூக்க முடியும். போகும்போதே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.