கடன் அடைக்கும் வீட்டில் யாருக்கு எந்த வேலை?

(தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கடன் என்றதும் நம் வீடுகளில் எழும் கேள்வி, "பணத்துக்கு எங்கே போவது?" அதற்கு முன் கேட்க வேண்டியது, "இந்த வேலையை யார் செய்வது?" கடிதத்தைப் பிரிக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், போன் எடுக்க வேண்டும், பேரம் பேச வேண்டும், கடைவாசலில் 'வேண்டாம்' சொல்ல வேண்டும். இத்தனையையும் சம்பளம் வாங்குகிற ஒருவர் தலையில் கட்டிவிடுகிறோம். அவருக்கு இரண்டு வரும், மூன்று வராது. வராததெல்லாம் டிராயருக்குள் போய்விடும்.

ஒரு மாதம் சும்மா கவனியுங்கள். யார் எந்த வேலையைச் சொல்லாமலே செய்து முடிக்கிறாரோ, அந்த வேலை அவருடையது. வயதும் படிப்பும் இதற்குக் கணக்கில்லை.

காகிதத்தில் பொறுமை உள்ளவரிடம் டிராயரை ஒப்படையுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் நோட்டில் ஒரு பக்கம்: பாக்கி, வட்டி, மாதச் சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ், கடைசியாகக் கட்டிய தேதி. இன்சூரன்ஸ் வரியை விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தனிநபர் கடனுக்கான இன்சூரன்ஸ் ஆயிரம் ராண்டுக்கு மாதம் 4.50 ராண்டைத் தாண்டக் கூடாது. 18,000 ராண்ட் கடன் என்றால் அதிகபட்சம் 81 ராண்ட். அதற்கு ஈடான பாலிசி ஏற்கெனவே கையில் இருந்தால், அதையே பதிலாக ஏற்கும்படி கடன் கொடுத்தவரிடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. இதைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் வீட்டில் வாய் திறக்காத ஆளாக இருப்பார்.

அதே ஆள்தான் தபால் சீட்டையும் பார்க்க வேண்டும். தவணை தவறினால், வழக்குப் போடுவதற்கு முன் கடன் கொடுத்தவர் அனுப்பும் எச்சரிக்கை, அதாவது தேசியக் கடன் சட்டத்தின் 129ஆம் பிரிவுக் கடிதம், பதிவுத் தபாலில் வரும். வாங்காமல் விட்டால் வழக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள். சரியான தபால் நிலையத்துக்குக் கடிதம் வந்து, உங்களுக்குச் சீட்டும் அனுப்பியிருந்தால், காரணமில்லாமல் வாங்காதவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2014இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு உங்களுக்குக் குறைந்தது 10 வேலை நாட்கள் உண்டு. தவணையைக் குறைக்கக் கேட்பதும், பதிவு பெற்ற கடன் ஆலோசகரிடம் போவதும் அதற்குள் நடக்க வேண்டும். வழக்குப் போட்ட பிறகு அந்தக் கடனை ஆலோசகர் எடுத்துக்கொள்ள முடியாது.

இனி போன். கலகலவென்று பேசுகிறவரிடம் வசூல்காரர் போனைக் கொடுக்காதீர்கள். "ஆமாம் சார், பாக்கி இருக்கிறது, மாசக் கடைசியில் ஒரு 200 போடுகிறேன்" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார். சாதாரணக் கடன், பணம் கட்டாமலும் ஒப்புக்கொள்ளாமலும் சம்மன் வராமலும் 3 ஆண்டு கடந்தால் காலாவதியாகும். அது நிறைவதற்குள் சொன்ன அந்த ஒரு வார்த்தை, கணக்கை மறுபடி முதல் நாளுக்குக் கொண்டுபோய்விடும். (வீட்டுக் கடனுக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் 30 ஆண்டு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கூச்சப்படுகிறவர்தான் இங்கே கெட்டிக்காரர். "கணக்கு விவரத்தை ஈமெயிலில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்.

பேச்சாளருக்கும் வேலை இருக்கிறது. மார்க்கெட்டில் ஒரு கட்டு கொத்தமல்லிக்குப் பேரம் பேசுகிற அம்மா, டிசம்பர் போனஸ் கைக்கு வந்ததும் பழைய பாக்கிக்குப் பேசட்டும்: "மொத்தமாக இப்போதே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?" தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் போக வேண்டும். கட்டியதும் கணக்கு தீர்ந்த கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டு காகிதமும் இல்லாவிட்டால், மிச்சத்தைக் கேட்டு இன்னொரு வசூல் கம்பெனி கூப்பிடும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? துணிக்கடையில் கடனுக்கு வாங்கிய அக்கவுண்ட் 2,400, சோபா 7,500, தனிநபர் கடன் 18,000 என்று வைத்துக்கொள்வோம். வட்டி அதிகமானதை முதலில் அடைப்பதே கணக்குப்படி லாபம். ஆனால் ஒரு வருஷம் பலன் கண்ணுக்குத் தெரியாமல் கட்டும் பொறுமை எல்லா வீட்டிலும் இல்லை. நாலாவது மாதம் விட்டுவிடுவார்கள். அந்த வீட்டுக்குச் சின்னக் கடனே முதல். அது நஷ்டம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஓர் அக்கவுண்ட்டை மூடினால் மாதச் சேவைக் கட்டணமும் நிற்கும். அது வரி சேர்த்து 69 ராண்ட் வரை இருக்கலாம், வருஷத்துக்கு 828. அங்கே கட்டிவந்த தவணையை அப்படியே அடுத்த கடனில் சேருங்கள். கூடுதலாகக் கட்டும்போது கணக்கு எண்ணைச் சரியாகப் போடாவிட்டால், பணம் எந்தக் கணக்கிலும் ஏறாமல் நிற்கும்.

பதிவில்லாமல் வட்டிக்கு விடுகிற மஷோனிசாவிடம் ஆயிரம் வாங்கி மாதக் கடைசியில் ஆயிரத்து ஐந்நூறு கொடுக்கிற வீட்டில் மட்டும் இந்த வரிசை செல்லாது. அதுதான் முதலில் போக வேண்டும். பதிவு பெற்ற குறுகிய காலக் கடனுக்கு முதல் முறை மாதம் 5 சதவீதம்தான் உச்ச வட்டி. வங்கி அட்டையையும் பின் எண்ணையும் அடகாக வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம்.

பின்வரிசை மேசையில் கடன் அறிக்கைக்கான விண்ணப்பங்கள் இருக்கின்றன. நம் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கிற ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். அடையாள அட்டை எண்ணைப் பார்த்து நிரப்புங்கள். நிரப்புவது வீட்டுக் காகிதக்காரராக இருந்தால் நல்லது. கேள்விகளைத் தேநீருக்குப் பிறகு எடுத்துக்கொள்வோம்.