ஒரே இயந்திரம், மூன்று பொருள்: லாட் எவ்வளவு?

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் சிறிய பிளாஸ்டிக் பட்டறை நடத்துகிறவர்களுக்காக இன்றைய பேச்சு. ஒரே வார்ப்பு இயந்திரத்தில் மூடி, கைப்பிடி, குவளை என்று மோல்டை, அதாவது அச்சை, மாற்றி மாற்றி ஓட்டும்போது லாட் அளவை, அதாவது ஒரு முறை மோல்டு மாட்டி ஓட்டும் எண்ணிக்கையை, பொருள் பொருளாகத் தீர்மானிக்கக் கூடாது.

கணக்குப் போட்டே பார்ப்போம். மூடி நாளுக்கு 3,000 விற்கிறது. அதை மட்டும் ஓட்டினால் இயந்திரம் நாளுக்கு 10,000 தரும். ஆக, இயந்திர நேரத்தில் 30 விழுக்காடு. கைப்பிடி 2,000 விற்க, 8,000 தரும்: 25 விழுக்காடு. குவளை 1,500-க்கு 5,000: 30. கூட்டினால் 85. மோல்டு மாற்ற மிஞ்சுவது 15 விழுக்காடுதான்.

ஒரு மாற்றத்துக்கு 3 மணி நேரம், மூன்றுக்கும் 9. நாளுக்கு 20 மணி நேரம் ஓடும் பட்டறையில் அது 0.45 நாள். 0.15-ஆல் வகுத்தால் 3. மூன்றையும் ஒரு முறை ஓட்டி முடிக்கும் சுற்று 3 நாளுக்குக் குறைந்தால் ஏதாவது ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தே தீரும். விற்பனை ஏறி அந்த 85, 95 ஆனால் குறைந்தபட்சச் சுற்று 9 நாளாகிவிடும்! சரக்குத் தேங்குகிறதே என்று லாட்டைச் சுருக்கும் முன் இதைப் பாருங்கள். மாற்று நேரம் என்பது போல்ட் முடுக்கும் நேரம் மட்டுமல்ல. பழைய மோல்டின் கடைசி நல்ல துண்டு முதல் புதியதன் முதல் நல்ல துண்டு வரை.

அடுத்து செலவு. மாற்றத்துக்கு 60 ரிங்கிட். அடக்கவிலை மூடி 60 சென், கைப்பிடி 45 சென், குவளை 1.20 ரிங்கிட், சரக்கு வைத்திருக்கும் செலவு ஆண்டுக்கு விலையில் 20 விழுக்காடு, 300 வேலை நாள். மாற்றும் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து மிகக் குறையும் சுற்றைத் தனித்தனியே போட்டால் மூடிக்கும் குவளைக்கும் 12 நாள், கைப்பிடிக்கு 16 நாள் என்று வரும். அப்படி விட்டால் இரண்டு பொருள் ஒரே நாளில் இயந்திரத்தைக் கேட்கும். மூன்றையும் சேர்த்துப் போட்டால் 13 நாள் சுற்று: மூடி 39,000, கைப்பிடி 26,000, குவளை 19,500. ஓட்டமும் மாற்றமும் 11.5 நாள், கையில் நிற்பது 1.5 நாள், அதாவது 30 மணி நேரம். கழிவு 4 விழுக்காடு என்றால் லாட்டை 0.96-ஆல் வகுத்து ஓட்டுங்கள். ஓட்ட நேரமும் அதற்கேற்ப நீளும், இந்த 30 குறையும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போனால் பிளாஸ்டிக்கை உருக்கும் பீப்பாயைக் கழுவச் செலவாகும் பிளாஸ்டிக் மிச்சம்.

அவசர ஆர்டர் என்று ஓடும் லாட்டை நடுவில் நிறுத்தினால் போக ஒன்று, திரும்ப ஒன்று என 6 மணி நேரம் போகும். கழிவே இல்லாவிட்டாலும் ஐந்து முறையில் அந்த 30 மணி நேரம் தீர்ந்துவிடும். பிறகு மோல்டைக் குளிர்விக்கும் தண்ணீர் வழி அடைத்துக்கொண்டால் சரிசெய்ய நேரமே இருக்காது.