பதவி போன பிறகு வரும் குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர் தொரப்பாடி மத்திய சிறையின் மதிலைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் இருக்க முடியாது. 1921 டிசம்பரில் அந்த மதிலுக்குள் சேலத்து வக்கீல் ஒருவர் அடைக்கப்பட்டார். மூன்று மாதம் உள்ளே இருந்தார், நாட்குறிப்பும் எழுதினார். சுயராஜ்யம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடாது, தேர்தலும் அதன் முறைகேடுகளும் பணக்காரர்களின் ஆதிக்கமும் ஜனங்களைப் பாடாய்ப் படுத்தும் என்று அப்போதே எழுதி வைத்தார். ராஜாஜிதான் அவர்.

பிறகு அவர் கவர்னர் ஜெனரல் ஆனது, சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை இன்றைக்கும் நான் ஏற்கவில்லை. அதை எதிர்த்து வட ஆற்காட்டில் கிளம்பிய கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் 1962-ஐப் பற்றிப் பேசும்போது அவருக்கு ஒரு கும்பிடு போடாமல் இருக்க முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 83. அரசாங்கத்தில் எந்தப் பதவியும் கிடையாது. போதாக்குறைக்கு நேருவை எதிர்த்துத் தனிக்கட்சி வேறு நடத்திக்கொண்டிருந்தார். காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் அமெரிக்காவுக்குப் போய், ஜனாதிபதி கென்னடியின் எதிரே உட்கார்ந்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்டார். ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் மாஸ்கோவில் ஒப்பந்தம் போட்டன. வானத்திலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் இனிச் சோதனை இல்லை என்றார்கள். பூமிக்கடியில் மட்டும் விட்டுவைத்தார்கள். இவர் போனதால்தான் அது நடந்தது என்று சொன்னால் அது பெருமையடிப்பு. கேட்க வேண்டியதை நேரில் போய்க் கேட்டார், அவ்வளவுதான்.

இதே வேலையை ஒரு குழுவாகச் செய்ய வேண்டும் என்று 45 ஆண்டு கழித்து முடிவெடுத்தவர் நெல்சன் மண்டேலா. 2007 ஜூலை 18, அவருடைய 89-ஆவது பிறந்தநாள் அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ‘தி எல்டர்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கி வைத்தார். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு முதல் தலைவர். ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான், அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், அயர்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மேரி ராபின்சன் ஆகியோர் உறுப்பினர்கள். நம் நாட்டிலிருந்து, ஏழைப் பெண் தொழிலாளர்களுக்கான சேவா அமைப்பை நிறுவிய இலா பட். ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குத் தீர்ப்பது போல உலகத்துக்கும் பெரியவர்கள் வேண்டும் என்பதுதான் அடிப்படை யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது. நம்ம பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் ஒரு குடும்பத்தையே ஊரை விட்டுத் தள்ளி வைத்த கதைகளும் உண்டு என்பதை நான் மறக்கவில்லை. வயது மட்டும் நியாயத்தைக் கொண்டு வராது.

அதனாலோ என்னவோ, அந்தக் குழுவில் இருக்கும் ஒரு விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: அரசுப் பதவியில் இருப்பவர் அதில் இருக்கக்கூடாது. தொடக்க விழா மேடையில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டிருந்தார்கள். அது மியான்மரில் வீட்டுக்காவலில் இருந்த ஆங் சான் சூச்சிக்கு. 2012-இல் அவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனதும் குழுவின் கௌரவப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். பிறகு ஆட்சிக்கே வந்தார். 2017-இல் அந்நாட்டின் ரோஹிங்கியா முஸ்லிம் மக்கள் லட்சக்கணக்கில் வங்கதேசத்துக்கு ஓடியபோது அவர்களுக்காக வாயைத் திறக்கவில்லை. பொதுவாழ்வு போதும் என்று ஒதுங்கியிருந்த டுட்டு, 85 வயதில் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இந்த மௌனம்தான் பதவிக்கு நீ கொடுக்கும் விலை என்றால் அது மிக அதிகம் என்பது அதன் சாரம். அன்புச் சகோதரியே என்று அழைத்து எழுதிய கடிதம் அது. வீட்டுக்காவலில் இருந்தபோது உலகமே கேட்ட குரல், பதவி வந்ததும் அடைத்துக்கொண்டது. பதவி போனவரின் குரல் திறந்தே இருந்தது.

கார்ட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பதவியில் இருந்தபோது ஈரான் மன்னர் ஷாவுக்குத் துணை நின்றவர்தானே? 1980 தேர்தலில் தோற்ற பிறகுதான் அவருடைய பெரிய வேலையே தொடங்கியது. நரம்புச் சிலந்தி நோய் தெரியுமா? அசுத்தமான தண்ணீரைக் குடித்தால் உடம்புக்குள் புழு வளர்ந்து, ஒரு வருடம் கழித்துக் காலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். குச்சியில் சுற்றிச் சுற்றித்தான் இழுக்க வேண்டும். நம் தமிழ்நாட்டிலும் இருந்த நோய்தான். 1986-இல் உலகத்தில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது, கார்ட்டர் மையம் முன்னின்று உழைத்ததில் 2023-இல் 14 பேராகக் குறைந்தது. தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. துணியில் தண்ணீரை வடிகட்டச் சொல்லி ஊர் ஊராகப் போய் வாங்கிய வெற்றி. 2024 டிசம்பரில் நூறு வயதில் அவர் காலமானார்.

தோல்விகளையும் சொல்லிவிடுகிறேன். 2008-இல் அன்னான், கார்ட்டர், மண்டேலாவின் மனைவி கிராசா மாஷேல் மூவருக்கும் ஜிம்பாப்வே விசா கொடுக்கவில்லை. 2011-இல் கார்ட்டரும் மற்ற மூன்று பேரும் வடகொரியா போனார்கள். அந்நாட்டுத் தலைவர் கிம் ஜோங் இல் முகத்தைக்கூடக் காட்டவில்லை. கிளம்பும் நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, அவர் அனுப்பிய செய்தி என்று ஒன்றை வாசித்துக் காட்டினார்கள், அவ்வளவுதான் மரியாதை.

இலங்கையைப் பற்றியும் இந்தக் குழு அறிக்கை விட்டது. எப்போது? 2010-இல். முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகு. இதைச் சொல்லும்போது எனக்கு நம்ம மேல்மொணவூரில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்தான் ஞாபகம் வருகிறது. 2021 நவம்பரில், முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அங்கே வந்து புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார், நல்ல காரியம். ஆனால் முகாம்களில் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய பெரியவர்கள் மேல்மொணவூர் வரை வரப்போவதில்லை, அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

காட்பாடி காந்தி நகரில் தெருவுக்கு நாலு பேராவது பென்ஷன்காரர்கள் இருப்பார்கள். தாசில்தாராக இருந்தவர், தலைமை ஆசிரியராக இருந்தவர், நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்தவர். எந்த மனு எந்த மேஜைக்குப் போகும், எங்கே போய்த் தூங்கும் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. இடமாற்றம் என்று இனி யாரும் மிரட்ட முடியாது. வாரத்தில் ஒரு நாள் காலையில் இவர்களில் இரண்டு பேர் அந்த முகாமுக்குப் போய் உட்கார்ந்து, ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்கலாம்.

வணக்கம்.