நாலு பவுண்டு குண்டும் ஒரு நாவலும்

நண்பர்களே, நாவலுக்குள் போவதற்கு முன்னால் ஒரு சண்டையைச் சொல்லிவிடுகிறேன். 1801 மே 6, பார்சிலோனாவை ஒட்டிய கடல். தாமஸ் காக்ரேன் என்ற 25 வயது பிரிட்டிஷ் அதிகாரி ‘ஸ்பீடி’ என்ற சின்னப் போர்க்கப்பலில் வருகிறார். 158 டன், 14 பீரங்கி, அன்றைக்கு அதில் இருந்தவர்கள் சிறுவர்களையும் சேர்த்து 54 பேர். எதிரே வருவது ‘எல் காமோ’ என்ற ஸ்பானியக் கப்பல், 32 பீரங்கி, 319 ஆட்கள். வேறு யாராக இருந்தாலும் பாயைத் திருப்பிக்கொண்டு தப்பிக்கத்தான் பார்த்திருப்பார்கள். காக்ரேன் அமெரிக்கக் கொடியை ஏற்றிக்கொண்டு நேரே போனார், எதிரி கொஞ்ச நேரம் குழம்பினால் போதும் என்று. நெருங்கியதும் அதை இறக்கித் தன் கொடியை ஏற்றினார்.

இந்தச் சண்டையை வைத்துத்தான் பேட்ரிக் ஓப்ரையன் ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ நாவலை எழுதினார். வெளிவந்தது 1969-இல். ஸ்பீடி அங்கே ‘சோஃபி’ ஆகிறது, காமோவுக்கு ‘காகாஃபுவேகோ’ என்று பெயர், காக்ரேன் இருந்த இடத்தில் ஜாக் ஆப்ரி. இதே பெயரில் 2003-இல் வந்த படத்தைப் பார்த்தவர்கள் இந்தச் சண்டையை அதில் தேடாதீர்கள், அந்தக் கதை வேறு. ‘நடந்ததை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி எழுதிவிட்டார்’ என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லத்தான் இங்கே வந்தேன்.

முதலில் அந்த பீரங்கிகளைப் பார்த்துவிடுவோம். ஸ்பீடியில் இருந்தவை நாலு பவுண்டு பீரங்கிகள், அதாவது ஒரு குண்டு 1.8 கிலோ, ஒரு சாத்துக்குடி அளவுதான் இருக்கும், கையில் வைத்து உருட்டலாம். ஒரு பக்கத்து ஏழு பீரங்கியும் சேர்ந்து சுட்டால் 28 பவுண்டு, 13 கிலோகூட வராது. எதிரி ஒரு பக்கம் சுட்டால் 85 கிலோ இரும்பு வந்து விழும். தன் கப்பலின் ஒரு பக்கத்துக் குண்டுகள் மொத்தத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று காக்ரேனே எழுதியிருக்கிறார். கேப்டனின் அறை உயரம் ஐந்தடிதான், அவரோ ஆறடிக்கு மேல். அதனால் முகச்சவரம் செய்ய, அறைக் கூரையில் இருந்த சாளரத்தைத் திறந்து தலையை வெளியே நீட்டி, சோப்பையும் கத்தியையும் மேல்தளத்திலேயே பரப்பி வைத்துக்கொள்வாராம்.

இந்தக் கப்பலை வைத்துக்கொண்டு எப்படி ஜெயித்தார்? எதிரிக் கப்பல் உயரம், ஸ்பீடி குட்டை. முழுக்க ஒட்டிப் போய் நின்றுவிட்டால் அவர்களுடைய குண்டுகள் தலைக்கு மேலே பாய்களையும் கயிறுகளையும் கிழித்துக்கொண்டு போகும், உடம்பில் படாது. இவர்களோ ஒவ்வொரு பீரங்கியிலும் ஒன்றுக்கு மேல் குண்டுகளைத் திணித்து, வாயை மேலே தூக்கி, எதிரியின் தளத்தைக் கீழிருந்தே துளைத்தார்கள். காமோவின் கேப்டன் அதில் இறந்துபோனார். ஸ்பானியர்கள் இந்தக் கப்பலுக்குள் குதிக்கத் திரளும்போதெல்லாம் ஸ்பீடி சற்று விலகும், சுடும், மறுபடி ஒட்டும். கடைசியில் காக்ரேனே எல்லோரையும் அழைத்துக்கொண்டு எதிரிக் கப்பலில் ஏறிவிட்டார். சண்டை நடுவே ஸ்பீடியைப் பார்த்து ‘இன்னும் ஐம்பது பேரை அனுப்பு’ என்று கத்தினார். அங்கே இருந்தது சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள், கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் குத்ரி. எதிரிகளுக்கு அது தெரியாது. அதற்குள் ஸ்பீடி ஆள் ஒருவர் ஸ்பானியக் கொடியை இறக்கிவிட, தங்கள் அதிகாரிகளே சரணடைந்துவிட்டார்கள் என்று நினைத்து ஆயுதத்தைப் போட்டுவிட்டார்கள்.

சரி, இவ்வளவும் தயாராகக் கிடைக்கிறதே, நாவலாசிரியருக்கு என்ன வேலை? இதுபோன்ற நாவலைப் படிக்கும்போது நடந்த வரலாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். ஒத்துப்போகும் இடங்களைக் கணக்கெடுப்பதற்காக இல்லை. எந்த இடத்தில் ஆசிரியர் விலகுகிறார், அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு விலகலை மட்டும் காட்டுகிறேன், நாவலைப் படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. காக்ரேனின் முதல் லெப்டினன்ட் பார்க்கர் அந்தச் சண்டையில் படுகாயம் அடைந்தார், ஆனால் பிழைத்தார். அவருக்குப் பதவி உயர்வு கேட்டு காக்ரேன் மன்றாடினார். ஸ்பீடியில் செத்தவர்கள் மிகக் குறைவு என்று காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். மறுத்தவர் கடற்படைத் தலைமையில் இருந்த செயின்ட் வின்சென்ட் பிரபு. ‘உங்களுக்கு அந்தப் பட்டத்தை வாங்கித் தந்த போரில் உங்கள் கப்பலில் செத்தவர் ஒருவர்தானே’ என்கிற கருத்துப்பட காக்ரேன் பதில் எழுதினார். அதோடு அவர் எதிர்காலமும் சிக்கலானது.

நாவலில் பார்க்கரின் இடத்தில் ஜேம்ஸ் டில்லன் நிற்கிறார். அவர் அயர்லாந்துக்காரர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அங்கே நடந்த 1798 கிளர்ச்சிக்குப் பின்னால் இருந்த ‘ஐக்கிய ஐரிஷ்காரர்கள்’ இயக்கத்தில் ரகசியமாக இருந்தவர், இப்போது அதை ஒடுக்கிய அரசின் சீருடையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். கேப்டனுக்குத் தெரியாது. கப்பலில் தெரிந்தவர் ஒருவர்தான், மருத்துவர் ஸ்டீபன் மேட்டுரின், அவரும் அதே இயக்கத்தில் இருந்தவர். அப்புறம் ஒரு நாள், ஓர் அமெரிக்கக் கப்பலை மறித்து அதில் ஒளிந்திருக்கும் இரண்டு ஐரிஷ் கிளர்ச்சியாளர்களைப் பிடித்து வா என்று சோஃபிக்கு உத்தரவு வருகிறது. பிடித்தால் நண்பர்களுக்குத் துரோகம், விட்டால் எடுத்த சத்தியத்துக்குத் துரோகம். அந்தப் பக்கங்களில் பெரிதாகச் சண்டை இல்லை, ஆனால் என்னைப் பொறுத்தவரை நாவலின் உச்சம் அதுதான். காகாஃபுவேகோ மேல் பாய்ந்து ஏறும் சண்டையில் டில்லன் செத்துப்போகிறார். நிஜத்தில் பிழைத்த மனிதரின் இடத்தில் இருப்பவரைக் கதையில் ஏன் கொல்ல வேண்டும்? அவர் உயிரோடு இருந்தால் அது வெறும் வெற்றி. செத்துப்போனதால், அந்த வெற்றியை முழுதாகக் கொண்டாட ஜாக்கால் முடியவில்லை, ஸ்டீபனாலும் முடியவில்லை, நமக்கும் முடியாது. காற்றின் திசையையும் செத்தவர் எண்ணிக்கையையும் எழுதும் கப்பல் பதிவேட்டில் இதற்கு ஏது இடம்?

ஓப்ரையனே தன் அடையாளத்தை மறைத்து வாழ்ந்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1914-இல் இங்கிலாந்தில் பிறந்தபோது அவர் பெயர் ரிச்சர்ட் பேட்ரிக் ரஸ். 1945-இல் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார், பிரான்ஸின் தென்கோடியில் கொலியூர் என்ற கடலோர ஊரில் குடியேறினார், அயர்லாந்துக்காரர் என்றே உலகம் அவரை நெடுநாள் நம்பியது. அதை வைத்து அவரைத் தீர்ப்பு சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே இன்னொன்றாக நடமாடும் மனிதனின் வேதனையை அவர் எழுதும்போது அது கடன் வாங்கிய வேதனையாகத் தெரியவில்லை.

இந்த நாவலைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை, கயிறுகளின் பெயரும் பாய்களின் பெயரும் மிரட்டிவிடும். ஒன்று செய்யுங்கள், ஸ்டீபனோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அவருக்கும் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மோவெட் என்ற இளம் அதிகாரி அவரைப் பாய்மரத்தின் மேலே ஏற்றிக்கொண்டுபோய் ஒவ்வொன்றாக விளக்குவார், அப்போது நமக்கும் சேர்த்துத்தான் விளக்குகிறார். பாதி புரிந்தால் போதும், ஸ்டீபனுக்கும் பாதிதான் புரிகிறது. நான் படித்தபோது பக்கத்தில் தமிழ் அகராதியும் வைத்துக்கொண்டேன். பாய் தொங்கும் குறுக்குக் கட்டைக்கு ‘பருமல்’, கப்பலின் முன்பக்கத்துக்கு ‘அணியம்’ என்று நம் கடற்கரையில் புழங்கும் சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் படித்ததும் கப்பல் எனக்குச் சட்டென்று பழகிப்போனது.

அடுத்த சந்திப்புக்கு முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். மினோர்கா தீவின் மஹோன் துறைமுகம், 1800-ஆம் ஆண்டு, ஆளுநர் மாளிகையில் கச்சேரி நடக்கிறது. பதவி கிடைக்காத ஏக்கத்தில் இருக்கும் ஜாக், இசையில் லயித்துத் தாளம் போடுகிறார், பக்கத்து நாற்காலியில் இருக்கும் மெலிந்த மனிதர் முழங்கையால் இடிக்கிறார், இருவரும் சண்டைக்கே தயாராகிவிடுகிறார்கள். அந்த மெலிந்தவர்தான் ஸ்டீபன். ஜாக் விடுதிக்குத் திரும்பும்போது சோஃபியின் தலைமைப் பதவிக்கான கடிதம் காத்திருக்கிறது. மறுநாள் அவர் ஸ்டீபனிடம் எப்படிப் பேசுகிறார் என்று வரி வரியாகக் கவனித்துக் குறித்துக்கொண்டு வாருங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம்.