75 அடிக் கதவு ஏன் வருது? ஆட்டோகேட்ல குறியும் கோடும் நம்ம ஊர் பிளானுக்குத் தக்கபடி

வணக்கமுங்க. ஆட்டோகேட்னா கம்ப்யூட்டர்ல பிளான் வரையற சாஃப்ட்வேர், நேரா அந்த ஸ்கிரீனுக்கு வந்துருங்க. இது 30க்கு 40 சைட்டு, ஒரு வீட்டு பிளான். ஃபைல் இஞ்ச்ல இருக்கு. நம்ம பக்கம் மேஸ்திரியில இருந்து வீட்டுக்காரர் வரைக்கும் பேசறது அடிக்கணக்குத்தான், அதனால பெருந்துறையோ பொள்ளாச்சியோ, வீட்டு பிளான்னா பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இப்ப வேறொரு ஃபைல்ல இருந்து ஒரு கதவை உள்ள கொண்டாறேன். வந்துருச்சு. பாத்தீங்களா, காம்பவுண்டைத் தாண்டி ரோட்டுல நிக்குது. டிஸ்டன்ஸ் வெச்சுப் பாத்தா 75 அடி.

காரணம் ரொம்பச் சின்னதுங்க. அந்தக் கதவை வரைஞ்சவர் மில்லிமீட்டர்ல 900ன்னு வரைஞ்சிருக்கார். ஆனா அந்த ஃபைல்ல யூனிட் என்னன்னு சொல்லி வைக்கல. நம்ம ஃபைல் அதை 900 இஞ்சுன்னு எடுத்துக்குச்சு. 12ஆல வகுத்தா 75. கதவோட ஃபைலைத் திறந்து இன்ஸ்யூனிட்ஸ்னு அடிங்க, 0ன்னு காட்டும். அதை 4 ஆக்கி சேவ் பண்ணுங்க, 4ன்னா மில்லிமீட்டர். நம்ம வீட்டு ஃபைல்ல அதே 1ஆ இருக்கோணும், அது இஞ்ச். பொறவு ஒரு இஞ்சுக்கு 25.4 மில்லிமீட்டர்ங்கற கணக்கை அதே பாத்துக்கும்.

மறுக்கா கொண்டுவந்தும் 75 அடியே வருதுங்களா? அதே பேர்ல பழைய பிளாக், அதாவது ஒரே பொருளாக் கட்டிப் பேர் வெச்ச படம், நம்ம ஃபைலுக்குள்ள உக்காந்திருக்கும். ஒரே பேர்னா உள்ள இருக்கறதுதான் ஜெயிக்கும். பழைய கதவை அழிச்சுட்டு, பயன்படாம உள்ள கிடக்கறதைத் துடைக்கிற பர்ஜ் கொடுத்துட்டு, அப்புறம் கொண்டாங்க. இப்ப 35.43 இஞ்ச்னு வருது பாருங்க, மூணடிக்கு அரை இஞ்ச் சொச்சம் கம்மி. மூணடிக் கதவுக்கு இந்தக் கதவை இழுத்து நீட்டாதீங்க, புதுசா 36 இஞ்ச்ல வரைஞ்சுக்கறதுதான் உத்தமம்.

கதவு கட்டடத்துல நிக்கிற பொருள், அதுக்குக் கட்டடத்தோட அளவு. அது பக்கத்துல வட்டத்துக்குள்ள டி1ன்னு ஒரு டேக் போடறோமே, அது கட்டடத்துல கிடையாதுங்க, தாள்ல மட்டும்தான் இருக்கு. அதுக்குத் தாளோட அளவு. இந்த ரெண்டையும் ஒட்டுக்கா ஒரே பிளாக்ல போட்டு வெச்சாத்தான் வம்பு. ஸ்கேல் மாத்தினவுடனே ஒண்ணு சரியா இருக்கும், இன்னொண்ணு கெடும். ரெண்டையும் தனித்தனி பிளாக்கா வைங்க. ஸ்கேலுக்குத் தக்கபடி தானா அளவு மாறிக்கிற குணத்துக்குத்தான் அனோடேட்டிவ்னு பேரு. கதவுக்கு அது வேண்டாம், டேகுக்கு வேணும்.

டேகை இப்பப் பண்ணிரலாம். முதல்ல லேயர் 0க்குப் போயிருங்க, கலர் பைலேயர்ல இருக்கட்டும். சிவப்பு டேக் வேணும்னு இங்கயே சிவப்பைக் கொடுத்தா, நாளைக்கு எந்த லேயர்ல வெச்சாலும் சிவப்பாவேதான் இருக்கும், லேயர் பேச்சைக் கேக்காது. இப்பத் தாள்ல என்ன அளவு வேணுமோ அதே அளவுல வட்டம்: விட்டம் 3/8 இஞ்ச். ஏடிடிடெஃப் கொடுங்க, பிளாக்குக்குள்ள மாத்திக்கிற எழுத்தை, அதாவது அட்ரிபியூட்டை, வைக்கிற கமாண்ட் அது. அதுல டேக்ங்கற கட்டத்துல பேரு டோர்நோ, டீஃபால்ட் டி1, ஜஸ்டிஃபிகேஷன் மிடில் சென்டர், எழுத்து உயரம் 3/32 இஞ்ச். இங்க ஒரு அனோடேட்டிவ் டிக் இருக்கும், அதைத் தொடாதீங்க. அடுத்து பிளாக் கமாண்ட், வட்டத்தோட மையம் பேஸ் பாயின்ட், இங்கதான் அனோடேட்டிவ் டிக். அதுக்குக் கீழ பிளாக்கை லேஅவுட்டுக்கு, அதாவது பிரிண்ட் ஆகற தாளுக்கு, நேரா வைக்கிறதுக்கு ஒரு டிக் இருக்கு, அதையும் போடுங்க. பிளானைச் சாய்ச்சு வெச்சாலும் டி1 நேரா நிக்கும்.

வைக்கிறதுக்கு முன்னாடி கீழ வலதுபக்கம் அனோடேஷன் ஸ்கேல் 1/8 இஞ்ச் ஒரு அடின்னு இருக்குதான்னு பாத்துக்கங்க. ஒரு அடியோட 12 இஞ்சை 1/8ஆல வகுத்தா மடங்கு 96. இப்ப வட்டத்தை அளங்க, 36 இஞ்ச். மூணடிக் கதவு பக்கத்துல மூணடி வட்டம். எழுத்து 9 இஞ்ச். இதே டேக் 1/4 இஞ்ச் ஸ்கேல்ல 18 இஞ்சா சுருங்கிக்கும். நாம ஒரு கணக்கும் போட வேண்டாம்.

நிறையப் பேர் மாட்டிக்கிற இடம் அடுத்து வருது. பாத்ரூமை மட்டும் 1/4 ஸ்கேல்ல பெருசா இன்னொரு வியூபோர்ட்டுல, அதாவது தாள்ல பிளானைக் காட்டற ஜன்னல்ல, காட்டினா டேக் காணாமப் போயிரும். அழிஞ்சு போகலீங்க, அந்த ஸ்கேல் டேகுக்குச் சொல்லித் தரல, அவ்வளவுதான். டேகை செலக்ட் பண்ணி ஆப்ஜெக்ட்ஸ்கேல் கொடுத்து 1/4ஐ சேருங்க. கர்சரை மேல கொண்டுபோனா இப்ப ரெண்டு முக்கோண ஸ்கேல் படம் காட்டும், அது வந்துட்டா ரெண்டு ஸ்கேல் இருக்குன்னு அர்த்தம். அனோஆட்டோஸ்கேலை 4ல வெச்சா எல்லாத்துக்கும் தானா சேந்துரும்னு ஒரு சுருக்கு வழி சொல்லுவாங்க. வேண்டாமுங்க. சும்மா ஸ்கேல் மாத்திப் பாத்தா போதும், ஃபைல்ல இருக்கற அத்தனை எழுத்துக்கும் அந்த ஸ்கேல் ஏறிக்கும். ரெண்டு மாசத்துல ஃபைல் தவழ ஆரம்பிச்சுரும்.

டேகுல எழுத்து உயரம் மாத்தோணும்னா பேட்மேன். சினிமா ஆள் இல்லைங்க, கமாண்டு பேரே அது, ரெண்டு டி. மாத்தினதுக்கப்புறம் அதுலயே சிங்க் கொடுத்தா ஏற்கெனவே வெச்ச டேக் எல்லாம் மாறிக்கும். கையால தனியா மாத்தி வெச்ச எழுத்து நடையெல்லாம் அப்போ பழையபடி போயிரும், அது தெரிஞ்சே கொடுங்க.

கோட்டுக்கு வரலாம். பேனா தடிமன் மில்லிமீட்டர்ல 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7ன்னு ஏன் இப்படி ஒரு தினுசா போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? ஒவ்வொண்ணும் முந்தினதைப் போல 1.4 மடங்கு. ஏ3, ஏ2, ஏ1 தாளும் அதே 1.4 மடங்குலதான் பெருசாகுது. ஏ1ஐ ஏ2ஆ சுருக்கினா 0.5 கோடு 0.35 ஆகும், எல்லாக் கோடும் ஒரு படி இறங்கி இன்னொரு பேனா அளவுலயே நிக்கும். எழுத்துக்கும் அதேதான், 2.5, 3.5, 5, 7.

சைட்டுக்குப் போறது என்னங்க? ஏ1ல வரைஞ்சுட்டு ஏ3 ஜெராக்ஸ்தான் சிமெண்ட் மூட்டை மேல கிடக்கும். அது ரெண்டு படி, அதாவது சரிபாதி. 2.5 எழுத்து 1.25 ஆயிரும், வெயில்ல நின்னு மேஸ்திரி படிக்க முடியாது. ஏ3ல போகும்னு தெரிஞ்சா எழுத்தை 3.5ல, இஞ்ச் ஃபைல்னா 9/64ல வைங்க, பாதியானாலும் 1.75 நிக்கும். நான் வைக்கிற கோடு இப்படி: வெட்டுப்பட்ட சுவர் 0.5, கதவு ஜன்னல் 0.25, படிக்கட்டும் அளவுக் கோடும் 0.18, உள்ள நிரப்பற கோடான ஹேட்ச் 0.13. அந்த 0.13 பாதியானா ஜெராக்ஸ்ல அங்கங்க விட்டுப்போகும், ஏ3க்கு ஹேட்சையும் 0.18 ஆக்கிருங்க.

இதெல்லாம் எந்தக் கலருக்கு எந்தத் தடிமன்னு சொல்ற சிடிபி ஃபைல்ல இருக்கு. ஸ்டைல்ஸ்மேனேஜர்னு அடிச்சா அந்த ஃபோல்டர் திறக்கும். கலர் 1க்கு இந்தத் தடிமன், 2க்கு அந்தத் தடிமன்னு கொடுத்து, பிளாட் கலரைக் கறுப்பு ஆக்கி, புதுப் பேர்ல சேவ் பண்ணுங்க. வரைஞ்ச ஃபைலான டிடபிள்யூஜியை மட்டும் பிரிண்ட் கடைக்கு அனுப்பினா அவங்ககிட்ட இந்த சிடிபி இருக்காது, நீங்க வெச்ச தடிமன் எதுவும் வராது, சுவரும் ஹேட்சும் ஒரே மாதிரி விழுகும். பிடிஎஃப் போட்டுக் கொடுங்க. டிடபிள்யூஜியே கேட்டா ஈட்ரான்ஸ்மிட் கொடுங்க, சிடிபியும், எக்ஸ்ரெஃப்னு வெளியில இருந்து கோத்த ஃபைலும் ஒட்டுக்கா ஜிப் ஆகும். ஃபான்ட்டுக்கு அதுல தனியா ஒரு டிக் இருக்கு.

அளவு ஸ்டைல்ல ஒண்ணே ஒண்ணு: டிம்ஜின் 3. சுவர் 9 இஞ்ச்னா முன்னாடி 0 அடி வராது, 12 அடின்னா பின்னாடி 0 இஞ்ச் கட்டாயம் வரும். அந்த 0 இல்லைன்னா இஞ்ச் விட்டுப்போச்சோன்னு சைட்டுல இருந்து போன் வரும்.

ஆசாரம், தொட்டி, பொடக்காலின்னு அறை பேரைத் தமிழ்ல போடறவங்களுக்கு: ரோமன்ஸ், சிம்ப்ளெக்ஸ் மாதிரி எஸ்ஹெச்எக்ஸ் ஃபான்ட்ல தமிழ் எழுத்தே கிடையாது, கேள்விக்குறியா விழுகும். பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட் வெச்சா உங்க மெஷின்ல அழகா இருக்கும், அது இல்லாத மெஷின்ல இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டிக் கிடக்கும். ஸ்டைல் கமாண்டுல நிர்மலா யூஐ கொடுத்துத் தனி ஸ்டைல் வைங்க, விண்டோஸ் 8ல இருந்து கூடவே வருது.

வடக்குக் குறியை மாடல்ல வைக்காதீங்க, லேஅவுட்டுல வைங்க. வியூபோர்ட்டைத் திருப்பினா அம்பையும் அதே டிகிரி திருப்போணும், அது தானாத் திரும்பாது. வாஸ்து பாக்கறவர் பிளான்ல முதல்ல தேடறதே அதைத்தான்.

எல்லாம் ஆச்சுன்னா பிளானை அழிச்சுட்டு டிடபிள்யூடியா, அதாவது டெம்ப்ளேட் ஃபைலா, சேவ் பண்ணுங்க. பிளாக், ஸ்டைல், லேயர் எல்லாம் உள்ளயே இருக்கும், அதனால அதுக்கப்புறம் பர்ஜ் மட்டும் கொடுத்துராதீங்க. ஆப்ஷன்ஸ்ல ஃபைல்ஸ், அதுல டெம்ப்ளேட் செட்டிங்ஸ், புது ஃபைல் திறக்கற க்யூநியூ கமாண்டுக்கான இடத்துல இந்த ஃபைலைக் காட்டுங்க. இனி புது ஃபைல் திறந்தவுடனே இன்ஸ்யூனிட்ஸ் அடிச்சுப் பாருங்க. 1ன்னு காட்டோணும்.