பிரசவ வலியில் போட்ட கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம். எச்.ஐ.வி.யோடும் காசநோயோடும் வாழ்பவர்களின் உரிமைக்காக ஆப்பிரிக்க நாடுகளில் அமைப்புகள் எப்படிப் போராடுகின்றன என்று இன்று பார்ப்போம்.

நமீபியா நாட்டில் ஓர் அரசு மருத்துவமனை. பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணிடம் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அவரும் போடுகிறார். மருத்துவக் குறிப்பில் 'பி.டி.எல்.' என்று மூன்று ஆங்கில எழுத்துகள். கருக்குழாய் இரண்டையும் கட்டிவிடும் அறுவை சிகிச்சைக்கு அது சுருக்கம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று நாம் சொல்வதுதான். இனிக் குழந்தை பிறக்காது என்று அவருக்குப் புரியும்படி யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது.

இந்த அநியாயம் முதலில் வெளிவந்த இடம் நீதிமன்றம் இல்லை. தொற்றோடு வாழும் பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசிய கூட்டங்களில்தான் வந்தது. ஒருத்தி சொல்ல, எனக்கும் அப்படித்தான் நடந்தது என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். உடனே, எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களின் பன்னாட்டு அமைப்பு 2008-இல் முறையாக விசாரிக்கத் தொடங்கியது. பேசிய 230 பெண்களில் 40 பேர், தங்களுக்கும் அப்படி நேர்ந்ததாகச் சொன்னார்கள். மூன்று பெண்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். தலைநகர் விண்ட்ஹூக்கில் உள்ள சட்ட உதவி மையம் வழக்கை நடத்தியது. ஜோகன்னஸ்பர்க்கில் இயங்கும் தென்பகுதி ஆப்பிரிக்க வழக்காடு மையம் துணை நின்றது. 2012-இல் உயர் நீதிமன்றத்திலும், அரசு மேல்முறையீடு செய்தபின் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் பெண்கள் பக்கமே தீர்ப்பு வந்தது. வலியில் துடிப்பவரிடம் வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது என்றது நீதிமன்றம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்.ஐ.வி. இருந்ததால்தான் இப்படிச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆதாரம் போதவில்லை. யார் என்ன சொன்னார், எந்தத் தேதியில், எந்த வார்டில், பக்கத்தில் யார் இருந்தார் என்று அன்றைக்கே குறித்து வைக்காவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு நன்றாகத் தெரிந்த உண்மையும் வழக்கில் நிற்காது. உரிமை அமைப்புகள் களப்பணியாளர்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது இந்தக் குறிப்பெடுக்கும் பழக்கத்தைத்தான்.

ஒரு நாட்டு வழக்குக்கு இத்தனை நாட்டு அமைப்புகள் எதற்கு என்று கேட்கலாம். எச்.ஐ.வி.யும் காசநோயும் எல்லை பார்ப்பதில்லை. லெசோத்தோ, மொசாம்பிக், எஸ்வாட்டினி, மலாவி நாட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள். பாறையை உடைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். அப்படிப்பட்ட நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும். எச்.ஐ.வி.யும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நோய் முற்றியதும் வேலை போகும், ஆள் ஊர் திரும்புவார். சிகிச்சைக் குறிப்பு சுரங்க மருத்துவமனையில், மாத்திரை பையில், மீதி மருந்துக்கு எந்தக் கிளினிக் என்று எழுதித்தர ஆள் இல்லை. பாதியில் நின்ற மருந்து, மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரும். 2012 ஆகஸ்டில் அந்தப் பகுதி நாடுகளின் தலைவர்கள் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் கூடி, சுரங்கத் துறைக் காசநோய் பற்றித் தனிப் பிரகடனமே வெளியிட்டார்கள். முன்னாள் தொழிலாளர்களின் கூட்டு வழக்கில் 2018-இல் 500 கோடி ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) அளவுக்குச் சமரசம் கையெழுத்தானது, 2019-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. அந்தத் தொகை உரியவர் கைக்குப் போவதற்கும் பழைய பணிப் பதிவேடும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். மலைக் கிராமத்தில் இருக்கும் விதவையிடம் கணவரின் எக்ஸ்ரே எப்படி இருக்கும்?

இந்தப் பகுதியில் பல நாட்டு அமைப்புகளை ஒரே குடையின் கீழ் சேர்த்தது 'ஆராசா'. எய்ட்ஸ் மற்றும் உரிமைகளுக்கான தென்பகுதி ஆப்பிரிக்கக் கூட்டணி என்று பெயரை விரிக்கலாம். 2002-இல் தொடங்கியது. பயிற்சி கொடுப்பதும், சட்ட வரைவுகளைப் படித்து எச்சரிப்பதும், ஒரு நாட்டில் கிடைத்த தீர்ப்பைப் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோவதும் இதுபோன்ற கூட்டணிகளின் வேலை. ஒரு நாட்டுத் தீர்ப்பு இன்னொரு நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சட்ட மரபு ஒத்திருப்பதால் அங்கே அதை எடுத்துக்காட்டி வாதாட முடியும்.

போட்ஸ்வானாவைப் பாருங்கள். சிறையில் உள்ள சொந்தக் குடிமக்களுக்கு எச்.ஐ.வி. மருந்து இலவசம், வெளிநாட்டுக் கைதிக்குக் கிடையாது என்று இருந்தது. காற்றோட்டமில்லாத ஒரே அறையில் படுப்பவர்களில் ஒருவருக்கு மட்டும் மருந்தை மறுத்தால், எதிர்ப்பு சக்தி குறைந்து முதலில் அவருக்குக் காசநோய் வரும், பிறகு பக்கத்தில் படுப்பவருக்கு, காவலருக்கு, காவலரின் வீட்டுக்கு. போனெலா என்ற உள்நாட்டு அமைப்பும் ஜிம்பாப்வேக் கைதிகள் இருவரும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2015 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மருந்து கொடுக்கத்தான் வேண்டும் என்றது. 2019-இல் அந்த அரசு, நாட்டில் வாழும் வெளிநாட்டவருக்கும் இலவச சிகிச்சையை அறிவித்தது.

கென்யாவில் 2010-இல் காசநோய் மருந்தைப் பாதியில் விட்ட இருவரைப் பிடித்து எட்டு மாதம் சிறையில் வைக்க உத்தரவிட்டார்கள். சிகிச்சைக்காகத் தனிமைப்படுத்துகிறோம் என்பது காரணம். தனிமைப்படுத்தியது எங்கே? நெரிசலான சிறையில்! 46 நாள் உள்ளே இருந்தார்கள். கெலின் என்ற அமைப்பு போராடியதில், 2016 மார்ச் 24 அன்று, உலகக் காசநோய் தினத்திலேயே, அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. மருந்தை ஒருவர் ஏன் விடுகிறார் என்று கேட்டாலே பாதி சிக்கல் தீரும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், பஸ்ஸுக்குக் காசிருக்காது, ஒரு நாள் கூலி போகும். இதற்கெல்லாம் சிறையில் மருந்து கிடையாது.

தீர்ப்புகளைவிட, நாள்தோறும் நடக்கும் கண்காணிப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 'ரிட்ஷிட்ஸே' என்று ஒரு திட்டம். வெண்டா மொழியில் 'நம் உயிரைக் காப்போம்' என்று பொருள். 2019-இல் தொடங்கி, நூற்றுக்கணக்கான அரசுக் கிளினிக்குகளுக்கு, தொற்றோடு வாழ்பவர்களின் அமைப்புகளே போய்ப் பார்க்கின்றன. காத்திருக்கும் கூடத்தில் ஜன்னல் திறந்திருக்கிறதா? நெருக்கியடித்து உட்காருகிறார்களா? இருமுகிறவரை முதலில் உள்ளே அழைக்கிறார்களா? அவருக்கு மாஸ்க் கொடுக்கிறார்களா? பதில்களைக் கூட்டிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மதிப்பிடுகிறார்கள். ஜன்னல் திறப்பதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஆனால் குளிர்காலத்தில் முதலில் மூடப்படுவது அதுதான்.

இதிலும் தவறு நேரும். புகார் சொன்ன நோயாளியின் பெயர் கசிந்தால், அடுத்த முறை அவர் மருந்து வாங்கவே வரமாட்டார். செவிலியர் மீது மட்டும் பழி போட்டால் கதவு சாத்திக்கொள்ளும். ஒரே செவிலியர் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பதையும் சேர்த்து எழுதினால், மேலதிகாரியிடம் ஆள் கேட்க அவரே அந்த அறிக்கையைப் பயன்படுத்துவார். வெளிநாட்டுப் பணத்தை நம்பி இருப்பது இன்னொரு பலவீனம். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது இந்த அடி நேராக விழுந்தது.

கடைசியாக, நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு செய்தி. கடுமையான காசநோய்க்குக் கொடுத்துவந்த ஊசிமருந்துகளால் காது கேட்காமல் போனவர்கள் உண்டு. அப்படிச் செவித்திறனை இழந்த இரண்டு பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசன், கேப் டவுன் அருகே கயேலிட்ஷாவின் பூமேசா டிசிலே. ஊசியே இல்லாமல் மாத்திரையால் குணப்படுத்த உதவும் பெடாகுவிலின் மருந்துக்கு, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் இந்தியாவில் கூடுதல் காப்புரிமை கேட்டது. கிடைத்திருந்தால் அதன் ஏகபோகம் 2027 வரை நீண்டிருக்கும். இருவரும் சேர்ந்து 2019-இல் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அதே ஆண்டு ஜூலையில் மூலக் காப்புரிமையும் முடிந்து, இந்திய நிறுவனங்கள் அந்த மாத்திரையைத் தயாரிக்க வழி திறந்தது.

வணக்கம்.