பாம்பன் புதிய தூக்குப்பாலம்: மேலே எழும்ப ஐந்தரை நிமிடம், இடத்துக்கு வந்து சேர நாலு மாதம்

[காட்சி: மண்டபம் பக்கமிருந்து பாலம், தூரத்தில் இரண்டு கோபுரங்கள்]

வணக்கம். பாம்பன் புதுப் பாலத்தைப் பற்றி ஏகப்பட்ட வீடியோ வந்துவிட்டது. எல்லாவற்றிலும் அந்த நடுப்பகுதி மேலே போகும், கீழே வரும், அவ்வளவுதான். இந்த வீடியோவில் அது மேலே போவதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தப் பாலத்தைக் கட்டினவர்கள் பட்ட பாடு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதலில் இடம். இந்தப் பக்கம் மண்டபம், அந்தப் பக்கம் ராமேஸ்வரம் தீவின் பாம்பன், நடுவில் சுமார் இரண்டு கிலோமீட்டர் கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குத் தீவைச் சுற்றிப் போகலாமே என்றால் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகள், ஆழம் கிடையாது. அதனால் விசைப்படகோ சின்னக் கப்பலோ எதுவாக இருந்தாலும் இந்தப் பாம்பன் கால்வாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ரயிலும் போகணும், படகும் போகணும், இதுதான் நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிற சிக்கல்.

[காட்சி: பழைய பாலம், திறந்த நிலையில்]

பழைய பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது. அதன் நடுப்பகுதியை வடிவமைத்தது அமெரிக்காவின் ஷெர்சர் நிறுவனம். நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் சாய்ந்து எழும்பும், அந்த இடத்தில் இரு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் போனது, பாசஞ்சர் ரயிலும் போனது, பாலத்தின் கர்டர்களில், அதாவது தூண்களுக்கு மேலே இருக்கிற இரும்பு உத்தரங்களில், பெரும்பகுதி கடலுக்குள் விழுந்தது, ஆனால் இந்தத் தூக்குப் பகுதி மட்டும் நின்றது. பிறகு ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்து ரயில் விட்டதை இங்கே பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 2007-ல் மீட்டர் கேஜ் அகலப்பாதை ஆனது. அப்புறம் உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியது. துரு, பழுது, ரயில் ஊர்ந்துதான் போகும் என்கிற நிலை, கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலே நின்றுபோனது.

இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயில் கிடையாது. மண்டபத்தோடு சரி. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற தீவுக்காரரும், பையும் பிள்ளையுமாக வந்த யாத்ரீகரும் மண்டபத்தில் இறங்கி, ஏறி, 1988-ல் திறந்த சாலைப் பாலம் வழியாக பஸ்ஸில்தான் போய் வந்தார்கள். பாலம் எப்போது முடியும் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது அதனால்தான்.

[காட்சி: கடலுக்குள் பைல் இறக்கும் கிரேன்]

புதுப் பாலத்துக்கு அடிக்கல் 2019 மார்ச்சில். கட்டியது ரயில்வேயின் நிறுவனமான ரயில் விகாஸ் நிகாம். வேலை தொடங்கியதுமே கொரோனா வந்து இழுத்துக்கொண்டது. மொத்த நீளம் 2.08 கிலோமீட்டர், கடலுக்கு அடியில் தரைக்குள் இறக்கிய 333 பைல் (அடித்தளத் தூண்), மேலே நூறு கண், அதாவது இரண்டு தூண்களுக்கு நடுவில் வருகிற துண்டுகள். அதில் 99 கண் ஒவ்வொன்றும் 18.3 மீட்டர். மிச்சமிருக்கிற ஒன்று மட்டும் 72.5 மீட்டர், அதுதான் தூக்குப் பகுதி. பாலமே பழையதைவிட 3 மீட்டர் உயரம் என்பதால் சின்னப் படகுகளுக்குக் கொஞ்சம் தாராளம்.

இப்போது அந்த ஒரு கண்ணுக்கு வருவோம். எடை சுமார் 660 டன். இதை அப்படியே கடலுக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கணும். தீவுப் பக்கமிருந்து, தூண்களுக்கு மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு போனார்கள். நேர்கோடாக இருந்தால்கூடப் பரவாயில்லை, பாலம் அந்த இடத்தில் வளைகிறது, 2.65 டிகிரி வளைவு. கேட்க ரொம்பச் சின்ன எண். ஆனால் தூக்குப் பகுதி நேரான இரும்புச் சட்டம், அடியில் தூண்களின் வரிசையோ வளைந்து போகிறது, நேராகத் தள்ளினால் எடை தூணின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். அதனால் தள்ளு, நிறுத்து, அளந்து பார், திருப்பு, மறுபடி தள்ளு. கீழே நீரோட்டம், மேலே காற்று, காற்று கூடினால் வேலை நிற்கும். 2024 மார்ச்சில் புறப்பட்டது ஜூலை கடைசியில்தான் தன் இடத்துக்கு வந்தது. சாலைப் பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரிதான் தெரிந்தது, "வேலையே நடக்கலை" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். என்னைக் கேட்டால், மொத்தக் கட்டுமானத்திலும் கைதட்ட வேண்டிய வேலை அதுதான், அந்த நாலு மாதம் அங்கே நின்று உழைத்தவர்களை யாரும் படம் எடுத்துப் போட்டதாகத் தெரியவில்லை.

[காட்சி: கோபுரத்தின் உச்சி, கம்பி வடங்கள்]

சரி, 660 டன்னை மோட்டார் எப்படித் தூக்குகிறது? மோட்டார் முழு எடையையும் தூக்குவதே இல்லை. இரண்டு கோபுரத்திலும் எதிர் எடை தொங்குகிறது, இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய தூக்குப் பகுதியின் எடைக்குச் சமம். மீன் ஏலக்கூடத்தில் தராசு சமமாக நிற்கும்போது ஒரு விரலால் தட்டினால் தட்டு ஏறும் இல்லையா, அதே கணக்கு. உராய்வையும் காற்றையும் கொஞ்சம் எடை வித்தியாசத்தையும் மோட்டார் சமாளித்தால் போதும். ஐந்தரை நிமிடத்தில் 17 மீட்டர் எழும்பிவிடும். இரண்டாகப் பிரியாமல் ஒரே சட்டமாக இருப்பதால் இறங்கி உட்கார்ந்தபிறகு விறைப்பாக நிற்கும், ரயிலும் பழைய பாலத்தைவிட வேகமாகப் போகலாம்: பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விழும்.

2025 ஏப்ரல் 6-ல் பிரதமர் திறந்துவைத்தார். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்ப வந்தது.

ஆனால் இதோடு விட்டுவிட எனக்கு மனசில்லை. திறப்பதற்கு முன்பு, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் இந்தப் பாலத்தை ஆய்வு செய்து எழுதியதில் பாராட்டு மட்டும் இல்லை. வடிவமைப்பு நடைமுறையைப் பற்றியும் இரும்பைப் பற்றவைத்த (வெல்டிங்) விதத்தைப் பற்றியும் கேள்வி கேட்டார், துரு இப்போதே தொடங்கியிருப்பதையும் குறிப்பிட்டார். ரயில்வே அமைச்சகம் அதைப் பார்க்க ஒரு குழு போட்டது. ஐஐடிகள் சரிபார்த்த வடிவமைப்பு என்று ரயில்வே பதில் சொன்னது. பாலம் பயப்படுகிற அளவுக்கு மோசம் என்று நான் சொல்லவரவில்லை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலோக்சேன் என்கிற தடித்த பெயிண்ட், முழுக்கப் பற்றவைத்த இணைப்பு என்று உப்புக்காக யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் இங்கே வீட்டு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். பெயிண்ட் ஓர் இடத்தில் உரிந்தால் போதும்.

எனவே ஆய்வு அறிக்கையை வருஷா வருஷம் தமிழில் வெளியிட வேண்டும், ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பிரதி கிடைக்க வேண்டும். இன்னொன்று, இந்தப் பாலத்தின் அடிப்பகுதியைத் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்கள் படகுக்காரர்கள். பெயிண்ட் உரிந்ததோ, தூணில் கீறலோ அவர்கள் கண்ணில் பட்டால் யாருக்குச் சொல்வது என்று ஒரு போன் நம்பரைப் பெரிய எழுத்தில், கடலில் இருந்து படிக்கிற மாதிரி, தூணிலேயே எழுதிவைக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.